போர் ஓய்ந்த பின்: அமைதிக்கான உலக அமைப்புகள் சாதித்ததும் தவறவிட்டதும்

நெப்போலியனை வீழ்த்திய வல்லரசுகள் 1815இல் வியன்னாவில் கூடி ஐரோப்பாவின் எல்லைகளை மாற்றி வரைந்தன. இனிப் பெரும்போர் மூளாமல் காப்போம் என்று மன்னர்கள் தங்களுக்குள் கூட்டணிகள் அமைத்துக்கொண்டார்கள். அவை நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1853இல் தொடங்கிய கிரிமியப் போரில் அதே வல்லரசுகள் எதிரெதிர் அணியில் நின்றன. ஆனால் அந்த மாநாட்டில் பிறந்த ஓர் எளிய ஏற்பாடு இன்றும் இயங்குகிறது. ரைன் நதிப் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம்தான் அது. ஆற்றில் படகு தடையின்றிப் போகவேண்டும், கரைதோறும் சுங்கம் பறிக்கக் கூடாது என்பதைக் கவனிக்கத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்து செயல்படுகிறது. உலகில் இன்றும் உயிரோடிருக்கும் பன்னாட்டு அமைப்புகளில் அதுவே மூத்தது.

சபதங்கள் உதிர்ந்துபோக, சுங்க விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகம் நிலைத்தது ஏன்? போருக்குப் பிந்தைய அமைதிக்காக மனிதர்கள் கட்டிய அமைப்புகளின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அமைப்பை எடைபோட மூன்றைப் பார்த்தால் போதும். அதன் கையில் இருக்கும் வேலை என்ன? அதன் விதி வலியவனையும் கட்டுப்படுத்துகிறதா? அது எத்தனை காலம் நிற்கிறது? கடந்த நூறாண்டு முயற்சிகளை இந்த மூன்றையும் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெனீவாவில் நடந்தது

முதல் உலகப் போரின் அழிவிலிருந்து பிறந்த சர்வதேச சங்கம் 1920 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. அதன் தந்தை என்று சொல்லத்தக்க அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் நாடே அதில் சேரவில்லை. அமெரிக்க செனட் ஒப்பந்தத்தை நிராகரித்துவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோதே இந்தியா அதில் உறுப்பினராக இருந்தது. வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி 1921இல் இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராக ஜெனீவா சென்றார்.

சங்கம் தோற்றது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது முழு உண்மையல்ல. பின்லாந்தும் ஸ்வீடனும் உரிமை கோரிய ஓலண்ட் தீவுகளின் வழக்கை 1921இல் சங்கம் தீர்த்துவைத்தது. தீவுகள் பின்லாந்துக்கு, அங்குள்ள ஸ்வீடிஷ் மக்களின் மொழிக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம், படைகள் கூடாது. நூறாண்டு கடந்தும் அந்தத் தீர்வு நிற்கிறது. சங்கத்தோடு பிறந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இன்றுவரை இயங்குகிறது.

அது தடுமாறியது வல்லரசுகளிடம்தான். ஜப்பான் 1931இல் மஞ்சூரியாவைப் பிடித்தது. சங்கம் விசாரணைக் குழு அனுப்பியது, அறிக்கை வந்தது, ஜப்பான் 1933இல் வெளியேறியது. இத்தாலி 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது பொருளாதாரத் தடை விதித்தார்கள். ஆனால் தடைப் பட்டியலில் பெட்ரோலியம் இல்லை, சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. சிறுபான்மையினரைக் காக்கும் ஒப்பந்தங்களிலும் இதே ஓரவஞ்சனை இருந்தது. போலந்து, ருமேனியா போன்ற நாடுகள் அவற்றில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. தன்மீது மட்டும் சுமத்தப்பட்ட விதியைப் போலந்து 1934இல் உதறியதில் வியப்பில்லை.

பணத்திலும் கணக்கு பிசகியது. தோற்ற ஜெர்மனியிடம் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு கேட்டார்கள். தவணை தவறியதும் 1923இல் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களைப் படைகொண்டு பிடித்தன. ஜெர்மானியர் மனத்தில் ஆறாத புண்ணாக அது நின்றது. பழிவாங்கும் சமாதானம் ஐரோப்பாவையே கெடுக்கும் என்று 1919இலேயே எச்சரித்த பொருளியல் அறிஞர் கெய்ன்ஸின் பேச்சை ஆட்சியாளர்கள் கேட்கவில்லை.

நிலக்கரியும் எஃகும்

அதே ரூர் நிலக்கரி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேறொரு கதையின் தொடக்கமானது. 1870, 1914, 1939 என எழுபது ஆண்டுகளுக்குள் பிரான்சும் ஜெர்மனியும் மூன்று முறை மோதியிருந்தன. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஒரு திட்டத்தை அறிவித்தார். அதை வகுத்தவர் ஜான் மொன்னே. இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது, மற்ற நாடுகளும் விரும்பினால் சேர்வது என்பதே அதன் சாரம். பீரங்கியும் தோட்டாவும் செய்யத் தேவையான பொருள் இருவரின் பார்வையிலும் இருந்தால் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் போருக்குத் தயாராக முடியாது.

1951இல் ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தமிட்டன. மறு ஆண்டு லக்ஸம்பர்க்கில் அமைந்த உயர் அதிகாரக் குழுவுக்கு மொன்னே முதல் தலைவரானார். அதன் முடிவுகள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தின. பிரான்சுக்கும் அதே விதி, ஜெர்மனிக்கும் அதே விதி. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளருக்கு மறுபயிற்சி தரவும் வீடு கட்டவும் அது பணம் ஒதுக்கியது. ஆகவே அமைதியின் பலன் அமைச்சர்களோடு நின்றுவிடாமல் தொழிலாளர் குடியிருப்பு வரை போனது. ஐம்பது ஆண்டுகளுக்கென்று எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் 2002இல் காலாவதியானபோது, அதன்மேல் வளர்ந்த ஐரோப்பிய ஒன்றியம் முழு வடிவம் பெற்றிருந்தது.

இந்த வெற்றியைப் பாராட்டும்போது அதன் பின்புலத்தை மறக்கக் கூடாது. மார்ஷல் திட்டத்தின் மூலம் அமெரிக்கா ஏறத்தாழ 1,300 கோடி டாலர் கொட்டியது. நேட்டோ படைகள் காவல் நின்றன. சோவியத் அச்சம் மேற்கு ஐரோப்பியரை ஒன்றாக நெருக்கியது. 1953 லண்டன் உடன்படிக்கை மேற்கு ஜெர்மனியின் பழைய கடன்களில் ஏறக்குறைய பாதியைத் தள்ளுபடி செய்தது. 1954இல் பொது ராணுவம் அமைக்கும் திட்டம் வந்தபோது பிரெஞ்சு நாடாளுமன்றமே அதை வீழ்த்தியது. சுரங்கத்தைப் பொதுவாக்கச் சம்மதித்தவர்கள் ராணுவத்தைப் பொதுவாக்கச் சம்மதிக்கவில்லை.

நீலத் தொப்பிகள்

1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானது. இந்தியாவின் சார்பில் அங்கே தலைமையேற்றுச் சென்ற ஆற்காடு ராமசாமி முதலியார், பிறகு ஐ.நா. பொருளாதார சமூக அவையின் முதல் தலைவரானார். முந்தைய ஆண்டு, உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இந்தியக் குழுவில் இருந்தார்.

வல்லரசுகள் வெளியேறியதால் சர்வதேச சங்கம் சரிந்ததைப் பார்த்தவர்கள், இம்முறை அவற்றை உள்ளே வைத்திருக்க வீட்டோ அதிகாரத்தை விலையாகக் கொடுத்தார்கள். வல்லரசுகள் தங்கின. ஆனால் அவற்றில் ஒன்று தொடர்புடைய போர் என்றால் பாதுகாப்பு அவையின் கை கட்டுண்டது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் அமைதி காக்கும் படை. சாசனத்தில் அப்படியொரு சொல்லே கிடையாது. 1956 சூயஸ் நெருக்கடியின்போது கனடாவின் லெஸ்டர் பியர்சனும் பொதுச் செயலர் டாக் ஹாமர்ஷெல்டும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. இந்தியா தொடக்கம் முதலே அதில் பங்கேற்றது. இதுவரை 2,90,000க்கும் மேற்பட்ட இந்தியர் நீலத் தொப்பி அணிந்திருக்கிறார்கள். 2007இல் லைபீரியாவுக்குச் சென்ற, பெண்கள் மட்டுமே கொண்ட முதல் ஐ.நா. காவல் அணி இந்தியாவினுடையது.

இந்தப் படைகளால் பயன் உண்டா? ருவாண்டாவும் ஸ்ரெப்ரெனிட்சாவும் நினைவுக்கு வந்தால் இல்லை என்றே சொல்லத் தோன்றும். 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கிய பிறகு, அங்கிருந்த படையைப் பெருக்காமல் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த, பாஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் எட்டாயிரம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா உள்நாட்டுப் போர்களை ஒப்பிட்டு 2008இல் எழுதிய நூலில், அமைதிப்படை இருந்த இடங்களில் போர் மீள்வது கணிசமாகக் குறைந்ததைக் காட்டினார். அதுவும் எளிய இடங்களைத் தேர்ந்தெடுத்ததால் அல்ல. படைகள் போனது பெரும்பாலும் சிக்கலான இடங்களுக்குத்தான். ஓய்ந்த போரை ஓய்ந்தபடி வைத்திருக்க அவற்றால் முடிகிறது. நடக்கும் படுகொலையை நிறுத்த, அதற்கான ஆணையும் ஆளும் இல்லாதபோது, முடிவதில்லை.

அரசையே கட்டித் தரலாமா?

பனிப்போர் முடிந்ததும் நம்பிக்கை பெருகியது. பொதுச் செயலர் பூட்ரோஸ் காலி 1992இல் வெளியிட்ட அறிக்கை, போருக்குப் பிந்தைய அமைதிக் கட்டுமானத்தை ஐ.நா.வின் கடமைகளுள் ஒன்றாக முன்வைத்தது. நோர்வே அறிஞர் யோஹான் கால்டுங் 1970களிலேயே வகுத்த கருத்து அது. துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் போதாது, போரை விளைவித்த அநீதியும் நீங்கவேண்டும் என்றார் அவர்.

கம்போடியாவில் ஐ.நா. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது. 1993 தேர்தலில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். அதைவிடக் கடினமான வேலை எதுவென்றால், நிதி, காவல் முதலிய துறைகளைக் கட்சிச் சார்பில்லாமல் மேற்பார்ப்பது. அது காகிதத்தோடு நின்றது. தேர்தலில் இரண்டாமிடம் பெற்ற ஹுன் சென் நிர்வாகத்தைத் தன் பிடியிலேயே வைத்திருந்தார். ஐ.நா. புறப்பட்ட நான்காம் ஆண்டில், 1997இல், கூட்டாளிப் பிரதமரை ஆயுதபலத்தால் விரட்டினார். கிழக்குத் திமோரில் 1999 முதல் 2002 வரை ஐ.நா.வே அரசாக இருந்தது. சுதந்திரம் கொடுத்துவிட்டுப் படைகளைக் குறைத்த பிறகு 2006இல் ராணுவமும் காவல்துறையும் மோதிக்கொள்ள, மீண்டும் வரவேண்டியதாயிற்று. 2012 இறுதியில்தான் முழுவதுமாக வெளியேறியது.

தேர்தலையும் சந்தையையும் அவசரமாகத் திறந்துவிடுவதற்கு முன் நீதிமன்றம், காவல், நிர்வாகம் ஆகியவற்றை நிலைநிறுத்த வேண்டும் என்று ரோலண்ட் பாரிஸ் 2004இல் வாதிட்டது இத்தகைய அனுபவங்களிலிருந்துதான்.

பாஸ்னியா இதன் மறுமுனை. அங்கே அமைப்பு அவசரப்பட்டு வெளியேறவில்லை; வெளியேற வழி தெரியாமல் தங்கிவிட்டது. போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தம் நாட்டை இரு கூறுகளாக்கி, மூன்று இனத்தவருக்கும் ஆளுக்கொருவராக மூவர் கொண்ட அதிபர் பீடத்தை அமைத்தது. மேலே ஒரு பன்னாட்டு உயர் பிரதிநிதி. சட்டம் பிறப்பிக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பதவிநீக்கவும் 1997 முதல் அவருக்கு அதிகாரம் இருந்தது. உள்ளூர்த் தலைவர்களோ, கசப்பான முடிவுகளை அவர் தலையில் கட்டிவிட்டு இனவாதம் பேசுவதைத் தொடர்ந்தார்கள். யூதரும் ரோமா இனத்தவரும் அதிபர் பதவிக்குப் போட்டியிட முடியாத அரசமைப்பு பாகுபாடானது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அப்படியும் அது திருத்தப்படாமலே கிடந்தது.

அதே பாஸ்னியாவில் சிறிய காரியங்கள் பலித்தன. வாகன எண் பலகையைப் பார்த்தால் உரிமையாளர் எந்தப் பக்கத்தவர் என்று தெரிந்துவிடும், அதனால் எல்லை தாண்டிப் போக அஞ்சினார்கள். 1998இல் எல்லோருக்கும் பொதுவான பலகை வந்தது. சிரிலிக்கிலும் லத்தீனிலும் ஒரே வடிவம் கொண்ட எழுத்துகளை மட்டும் அதில் பயன்படுத்தினார்கள். மக்கள் பயணம் செய்யத் தொடங்கினார்கள். போரில் பறிக்கப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உரியவர்களுக்குத் திரும்பின.

நீதியும் நிதியும்

குற்றம் செய்தவரைத் தண்டிக்காமல் அமைதி வருமா என்ற கேள்விக்கு யூகோஸ்லாவியா (1993), ருவாண்டா (1994) தீர்ப்பாயங்களும், 2002இல் செயல்படத் தொடங்கிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றமும் விடை தேடின. தலைவர்களும் தப்ப முடியாது என்பதை இவை நிறுவின. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினரல்ல. ஜெனீவாவில் கண்ட பழைய ஓட்டை இங்கும் தெரிகிறது.

படை திரும்பிய பிறகு அந்த நாட்டை யார் கவனிப்பது என்பதற்காக 2005 டிசம்பரில் ஐ.நா. அமைதிக் கட்டமைப்பு ஆணையம் பிறந்தது. 31 உறுப்பினர்கள், கருத்தொருமித்தே முடிவு, ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு நாடுகளில் சியரா லியோன் தேறியது, 2014இல் ஐ.நா. பணி அங்கு முடிந்தது. புருண்டியில் 2015இல் அதிபர் மூன்றாம் முறை போட்டியிட முனைந்தபோது வன்முறை வெடித்தது. ஆணையத்தால் பார்த்துக்கொண்டிருக்கவே முடிந்தது.

பணத்தின் அளவு முன்னுரிமையைக் காட்டிவிடும். 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர். அமைதி காக்கும் பணிகளுக்கு ஐ.நா. 2024-25க்கு ஒதுக்கியது சுமார் 560 கோடி டாலர். ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு.

பொறுமையின் பலன்

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டு நீடித்த மோதலில் சுமார் 3,500 பேர் மாண்டார்கள். 1998 சமாதான ஒப்பந்தத்தின்போது மிகக் கடினமாக நின்றது ஆயுதப் பிரச்சினை. தோற்காதவன் ஏன் ஆயுதத்தை எதிரியிடம் ஒப்படைக்க வேண்டும்? கனடாவின் ஜெனரல் ஜான் டி சாஸ்டலெய்ன் தலைமையிலான பன்னாட்டு ஆணையம் ஒரு வழி கண்டது. ஆயுதம் யாரிடமும் ஒப்படைக்கப்படாது. ஆணையத்தின் கண்முன் பயன்படுத்த முடியாதபடி ஆக்கப்படும். ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) அதை முடித்தது 2005இல். ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் சாட்சியாக இருந்தார்கள்.

இதே காலத்தில் காவல்துறை மாற்றியமைக்கப்பட்டு, புதிய ஆளெடுப்பில் பாதி கத்தோலிக்கருக்கு என்று விதி வந்தது. வடக்கும் தெற்கும் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் நீர்வழி, உணவுப் பாதுகாப்பு போன்றவற்றைக் கவனிக்கின்றன. 1995இல் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைதி நிதி பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. அரசியல்வாதிகள் சண்டையிட்டு ஆட்சியை முடக்கிய காலங்களிலும் இந்த வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

நம் பக்கத்தில்

உலக வங்கியின் முயற்சியால் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே 1960இல் கையெழுத்தான சிந்து நதி நீர் ஒப்பந்தம் 1965, 1971, 1999 மோதல்களைத் தாண்டி நின்றது. நிலையான சிந்து ஆணையத்தின் அதிகாரிகள் போருக்குப் பிறகும் சந்தித்தார்கள். ஆயினும் ரூர் நிலக்கரி செய்ததை சிந்து நீர் செய்யவில்லை. காரணம் அமைப்பின் வடிவிலேயே இருக்கிறது. அங்கே இரு நாடுகளும் வளத்தைச் சேர்த்துக்கொண்டன. இங்கே கிழக்கு நதிகள் மூன்று உனக்கு, மேற்கு நதிகள் மூன்று எனக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டன. பிரித்துக்கொண்டவர்கள் சேர்ந்து செய்யும் வேலை குறைவு. 2025 ஏப்ரலில், காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது.

இலங்கையில் 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நோர்டிக் நாடுகளின் குழுவுக்கு மீறலைப் பதிவு செய்ய முடிந்தது, தடுக்க முடியவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாடுகளின் கண்காணிப்பாளர் விலகவேண்டும் என்று புலிகள் கோர, குழு சுருங்கியது. 2008 ஜனவரியில் கலைந்தது. போருக்குப் பின், 2015 ஜெனீவா தீர்மானத்தில் இலங்கை அரசே இணைந்து உறுதியளித்த அமைப்புகளில் காணாமற்போனோர் அலுவலகமும் இழப்பீட்டு அலுவலகமும் வந்தன. சிறப்பு நீதிமன்றமும் உண்மை ஆணையமும் வரவில்லை. 2020இல் அரசு அந்த உறுதியிலிருந்து விலகியது. மறு ஆண்டு சாட்சியங்களைத் திரட்டிக் காக்கும் பணியை ஐ.நா. மனித உரிமை அவை தன் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. பிள்ளைகளைத் தேடி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் போராடிய தாய்மாருக்கு அலுவலகம் இருக்கிறது, பதில் இல்லை. உள்நாட்டில் அரசியல் மனமில்லாத இடத்தில் வெளியிலிருந்து வரும் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஓர் அளவு.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

பகைவர் இருவருக்கும் தவிர்க்க முடியாத ஒரு வேலையைக் கையில் எடுத்து, அதைப் பிரிக்காமல் பொதுவில் வைத்த அமைப்புகள் நிலைத்தன. வலியவனுக்கு விலக்களித்த அமைப்புகள் அவன் பொறுமை இழந்த நாளில் சரிந்தன. தேர்தல் தேதியைப் பார்த்து மூட்டை கட்டியவை திரும்பி வரவேண்டியிருந்தது; உள்ளூர்க்காரரை முடிவெடுக்கப் பழக்காமல் தங்கியவை அவர்களின் பொறுப்பை விழுங்கிவிட்டன. கிழக்குக் காங்கோவை ஆய்ந்த செவெரின் ஓட்டெசெர் 2010இல் சுட்டிக்காட்டியதும் இந்தக் கடைசிக் குறைக்கு நெருக்கமானது. தலைநகரில் ஒப்பந்தமும் தேர்தலும் நடத்துவதில் முனைந்த பன்னாட்டு அதிகாரிகள், கிராமங்களில் நிலத்துக்காக நடந்த சண்டைகளைத் தங்கள் வேலையாகவே கருதவில்லை. வன்முறை அங்கிருந்து மீண்டும் கிளம்பியது.

ஒரு மாற்றமும் தெரிகிறது. உக்ரைனில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சேதங்களைப் பதியும் ஏடு ஒன்றை ஐரோப்பிய கவுன்சில் 2023இல் ஹேக் நகரில் தொடங்கியது. யார் வீடு, எவ்வளவு சேதம் என்பதைப் போர் முடியும் வரை காத்திராமல் எழுதிவைக்கிறார்கள். இழப்பீடு யார் கொடுப்பது என்பது வல்லமையைப் பொறுத்த கேள்வி. அது அந்த ஏட்டால் தீராது. ஆனால் ஆதாரம் அழிந்துபோனது என்ற சாக்குக்கு இடமிருக்காது.

அடுத்த சமாதான ஒப்பந்தம் அறிவிக்கப்படும்போது, கைகுலுக்கும் தலைவர்களைப் பற்றியே செய்திகள் பேசும். நாம் தேடவேண்டியது ஒப்பந்தத்தின் இணைப்புகளில் இருக்கும். பறிபோன வீட்டை மீட்டுத்தருவது எந்த அலுவலகம், ஆயுதத்தைக் கீழே வைத்தவனுக்குச் சம்பளம் யார் தருவது, விதியை மீறும் வலியவனை எந்த நீதிமன்றம் அழைக்கும், பத்தாம் ஆண்டுக்கான பணம் எங்கிருந்து வரும் என்று பார்க்கவேண்டும். இவற்றுக்கு விடை எழுதாத ஒப்பந்தம் போர்நிறுத்தம் மட்டுமே. அதை அமைதி என்று அழைப்பது அவசரம்.